முப்பத்தேழாம் எண் பல்

விழுந்த பால் பல் ஒன்றை நடுவில் அறுத்து எங்கள் இயந்திரத்தில் வைத்தால், பதினெட்டு நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் முதல் மூன்று வருடமும் திரையில் வந்து நிற்கும். மரத்தை அறுத்தால் வளையம் தெரிகிறதே, அதே கதைதான். மரம் வருடத்துக்கு ஒன்று போடும், பல் நாளுக்கு ஒன்று போடும். பிறந்த அன்றைக்குத் தடியாக ஒரு கோடு. அங்கிருந்து எண்ணிக்கொண்டு போனால் இன்ன நாளில் காய்ச்சல், இன்ன வாரத்தில் பட்டினி, இன்ன மாதத்தில் பயம் என்று ஒவ்வொன்றும் வரிசையாகத் தெரியும். உடம்பு பட்ட பாட்டுக்குச் சிவப்புக் கோடு. உடம்புக்குள் போன உலோகத்துக்கு நீலக் கோடு.

ஊரில் இதற்குப் 'பல் ஜாதகம்' என்று பெயர். அரசு வாசிப்பு மையத்தில் அந்த இயந்திரத்தை ஓட்டும் எனக்குப் 'பல்லு ஜோசியக்காரி' என்று பெயர். சொந்தப் பெயர் மோனிஷா. அதைச் சம்பளப் பட்டியலில் மட்டும் கூப்பிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு உதவி செய்யத்தான் இந்தத் திட்டம் என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். இரண்டே வருடத்தில் பள்ளிக்கூடங்கள் சேர்க்கைக்குப் பல் அறிக்கை கேட்க ஆரம்பித்தன. சிவப்பு அதிகமாக இருந்தால் 'தனிக் கவனப் பிரிவு' என்று ஒரு அறை. அந்த அறையில் நாற்காலி இருக்கும், வாத்தியார் இருக்க மாட்டார். தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் சிவப்பு ஓடினால் குழந்தைகள் நலத்துறை ஆள் வீட்டுக்கு வருவார். வந்தால், பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்வார். அப்புறம் எந்தத் தாய் பல்லை எடுத்துக்கொண்டு எங்கள் மையத்துப் படி ஏறுவாள்? எங்கள் உப்பளமேட்டிலிருந்து ஒரு பல்கூட வரவில்லை.

உப்பளமேடு கழிமுகத்தை ஒட்டியிருக்கிறது. நாற்பது வீடுகள் ஒரே நீளமான ஷீட்டுக் கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். தெற்குப் பக்கம் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி. நாடு முழுக்க ஓடித் தேய்ந்த வண்டிகளின் பழைய காரீய பேட்டரிகள் அங்கேதான் வந்து உருகும். ஊரெல்லாம் புகையில்லாத வண்டி ஓட்டியது. அந்தப் புகையெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஆறு வருடங்களுக்கு முன், ஜூலை இரண்டாம் தேதி பகல் பதினொரு மணிக்கு, மதிலைத் தாண்டி மஞ்சளாக ஒரு புகை தரையோடு தரையாக இறங்கியது. அங்கன்வாடியில் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். குழாயடியில் இருந்த நான் ஏழு மாதக் கைக்குழந்தையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு ஓடினேன். மறுநாள் கம்பெனி அறிக்கை விட்டது: கசிவு எதுவும் இல்லை, காலை நேர மூடுபனி. ஆனி மாத வெயிலில், பகல் பதினொரு மணிக்கு, மஞ்சள் நிறத்தில் மூடுபனி! சொன்னவனுக்கு வெட்கமில்லை. அதை அச்சடித்த பத்திரிகைக்கும் இல்லை.

உள்ளே ஒப்பந்தக் கூலியாக இருந்த என் கணவர் தினகரன் எட்டு மாதம் இருமினார். பிறகு இருமுவதற்கு அவர் இல்லை. என் மகள் ஆழினிக்கு எல்லாமே தாமதம். நடை தாமதம், பேச்சு தாமதம். நேற்றுப் படித்த எழுத்து இன்று அவளுக்குப் புதிது. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். "உங்க ஏரியா புள்ளைங்களே மந்தம்தான்" என்று அவள் டீச்சர் என் முகத்துக்கு நேரே சொன்னாள். எங்கள் ஏரியாவில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் இப்படி. எல்லோரும் எப்படி ஒன்றாக மந்தமானார்கள் என்று அந்த டீச்சருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

போன வருடம்தான் விசாரணை ஆணையம் வந்தது. கசிவு நடந்ததென்று நிரூபித்தால் உலை நிற்கும், பிள்ளைகளுக்கு வைத்தியம் கிடைக்கும். காரீயத்தை உடம்பிலிருந்து இறக்க மருந்து இருக்கிறது. ஏழெட்டு வயதுக்குள் கொடுத்தால் பாதியாவது தேறும், தாண்டினால் தேறாது. ஆணையம் கேட்ட சான்று ஒன்றுதான். பல்.

பல் எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்தில் விழுந்த பல்லை யாரும் டப்பாவில் வைப்பதில்லை. சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம், நல்ல பல்லாக முளைக்கட்டும் என்று. இப்போது சாணிக்கு எங்கே போவது? கழிமுகத்துக் களிமண்ணில் உருட்டி எறிகிறோம். நாற்பது வீட்டுக்கும் ஒரே கூரை. எல்லாப் பிள்ளைகளின் பல்லும் அங்கே ஒன்றாகக் கிடந்து வெந்துகொண்டிருந்தது.

"ஏறி எடுத்துரலாம்" என்றேன்.

பக்கத்து வீட்டு ஜெபிஷா வாயைப் பிளந்தாள். "ஷீட்டு ஒடைஞ்சு உள்ள வுழுந்தா?"

"எவ வூட்டுக்குள்ள வுழுறியோ அங்கயே டீ குடிச்சிட்டு வா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பெண்கள் ஏணி போட்டு ஏறினோம். ஆணி அடித்த கோட்டின் மேலேயே தவழ்ந்து போனோம், மற்ற இடத்தில் கால் வைத்தால் ஷீட்டு தாங்காது. கீழே புருஷன்மார்கள் நின்றுகொண்டு இங்கே போ, அங்கே போ என்று யோசனை சொன்னார்கள். ஒருத்தரும் ஏறவில்லை. கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத்தில் களிமண் உருண்டைகள் கோலிக்குண்டு மாதிரி வந்து தங்கியிருந்தன. உடைக்க உடைக்க உள்ளே பல். ஒரு டிபன் பாக்ஸ் நிரம்பியது.

"இத்தினி கீது, எது யாருதுன்னு எப்டிடி கண்டுபிடிப்ப?" என்றாள் ஜெபிஷா. "வெயில்ல வெந்துபோய்க் கெடக்குது. டிஎன்ஏ கிடிஎன்ஏ ஒண்ணும் தேறாதாமே."

"டிஎன்ஏ தேறாது. கோடு தேறும். பொறந்த கோட்டுலேந்து நீலக் கோடு வரைக்கும் எத்தினி நாளுன்னு எண்ணு. இருநூறு நாள்னு வெச்சிக்க. பொகை வந்தது ஜூலை ரெண்டு. அதுலேந்து இருநூறு நாள் பின்னாடி போனா புள்ள பொறந்த தேதி. அங்கன்வாடி ரிஜிஸ்டரைத் தொறந்தா பேரு வந்துரும்."

"வவுத்துல இருந்த புள்ளைக்கு?"

"நீலம் மொதல்ல வரும், பொறந்த கோடு அப்புறம் வரும்."

அவள் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். பிறகு, "பொறக்கறதுக்கு முன்னாடியேவா?" என்றாள்.

மையத்தில் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரே பிள்ளையின் பல் மறுபடி வந்தால் ஒதுக்கிவிட்டேன், மொத்தம் அறுபத்தெட்டுப் பற்கள். பதினொன்றில் நீலமே இல்லை, அவை புகைக்கு முன்பே பல் முளைத்து வளர்ந்துவிட்ட பெரிய பிள்ளைகளுடையவை. மீதி ஐம்பத்தேழிலும் நீலக் கோடு. ஒன்பது பற்களில் அது பிறப்புக்கு முன். ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்து எண்ணினால் ஒவ்வொரு பல்லும் தன் பிறந்த நாளில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஆணையத்தின் நிபுணர் மறுபடி வாசித்தார். ஒரு நாள்கூட மாறவில்லை.

ஆனால் இயந்திரம் நீலத்தை மட்டும் காட்டாது. ஐம்பத்தேழில் ஐம்பத்திரண்டில் சிவப்பும் இருந்தது. யார் வீட்டில் எப்போது அடி விழுந்தது, எப்போது பிள்ளை பயந்து ஒடுங்கியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் குழாயடியில் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்கு மட்டும்தான் அந்தக் கோடு என்று நினைத்துக்கொண்டு உள்ளுக்குள் புழுங்கினாள். அந்தப் புழுக்கத்தைத்தான் கம்பெனி நம்பியிருந்தது.

விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் பத்ரிநாத் கையை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. "கனம் தலைவர் அவர்களே, கூரையில் பொறுக்கியது குப்பை. இது என் பிள்ளையுடைய பல் என்று ஒரு தாய் எழுந்து கையெழுத்துப் போட்டால்தான் அது சான்று. விதி அப்படித்தான் சொல்கிறது" என்றார்.

தலைவர் சௌந்தரவல்லி ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "விதி அதுதான்" என்றார். அவருக்கே பிடிக்காத மாதிரி இருந்தது.

இடைவேளையில் வராந்தாவில் பத்ரிநாத் என்னிடம் வந்தார். கையில் காபி.

"அம்மா, நீங்க படிச்சவங்க. சொன்னா புரியும். கையெழுத்து போட்டா அந்தப் பல்லுல இருக்கறது எல்லாம் ஃபைல்ல ஏறும். நீலம் மட்டும் இல்ல, சிவப்பும் சேர்த்துத்தான். முப்பது நாளுக்கு மேல போற கேஸெல்லாம் நலத்துறைக்குத் தானா போயிடும். இருபத்தி ஒரு வீடு. அத்தனை புள்ளைங்களையும் காப்பகத்துக்கு அனுப்பணும்னு எங்களுக்கு என்ன ஆசையா? வாபஸ் வாங்கிடுங்க. உங்க ஜனங்களுக்கு நல்லது."

"எங்க ஜனங்க மேல உங்களுக்கு எப்ப சார் இத்தினி அக்கறை வந்துச்சு? அன்னிக்குப் பொகை வந்தப்ப எங்க போயிருந்துச்சு?"

"எது புகை? மூடுபனி" என்று சொல்லி, சிரிக்காமல் காபியைக் குடித்தார். அந்தக் கோப்பையைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க என் கை துடித்தது.

அவர் போனதும் ஜெபிஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இடுப்பில் ஒரு வயதுச் சின்னது. மூத்தவள் பெனிட்டாவும் என் ஆழினியும் ஒரே நாளில், ஒரே பிரசவ வார்டில் பிறந்தவர்கள். டிசம்பர் இரண்டு.

"வாணாம்டி மோனி. வாபஸ் வாங்கிரலாம்" என்றாள். "பெரியவளையும் இட்டுக்கினு போயி இவளையும் இட்டுக்கினு போனா நான் இன்னா பண்ணுவேன்? எல்லாப் பொம்பளைங்களும் அத்தான் சொல்றாங்க. எவளும் எந்திரிக்க மாட்டா."

மறுபடி உட்கார்ந்ததும் பத்ரிநாத் நேராக மோசமான பல்லில் கையை வைத்தார். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. முதல் பல்லுக்கே ஆள் வராவிட்டால் மீதிக்கு எவளும் வரமாட்டாள்.

"முப்பத்தேழாம் எண்" என்றார். திரையில் அது ஒரு ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. நீலத்துக்குப் பிறகு சிவப்பு, சிவப்பு, சிவப்பு. "நாற்பத்து மூன்று நாள் தொடர்ச்சியாக. இந்தக் குழந்தைக்கு எமன் கம்பெனியா, வீடா? தலைவர் அவர்களே முடிவு செய்யட்டும். பிறந்த கோட்டிலிருந்து நீலம் இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள். அதாவது டிசம்பர் இரண்டில் பிறந்த குழந்தை. ரிஜிஸ்டரில் அந்தத் தேதிக்கு இரண்டு பேர். ஆழினி, பெனிட்டா. இது யாருடைய பல்?"

ஜெபிஷாவின் விரல்கள் குழந்தையின் சட்டையைப் பிடித்துக் கசக்கின. எங்கள் பெண்கள் நாற்பது பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் இல்லையா?" என்றார் தலைவர். "இரண்டு தாய்மாரும் வந்திருக்கிறீர்களா?"

நான் எழுந்தேன்.

"என் பொண்ணுதும்மா."

பத்ரிநாத் திரும்பினார். அவர் எதிர்பார்த்த ஆள் நான் இல்லை. "நீங்கள் வாசிப்பு மையத்தில் வேலை பார்ப்பவர். இந்தச் சிவப்புக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்தானே?"

"என்னைவிட யாருக்கு சார் நல்லாத் தெரியும்? நான் அடிச்சேன். சும்மா ஒரு தட்டு இல்ல, கைல கெடைச்சத எடுத்து அடிச்சேன். ஒரு வயசு ஆவாத புள்ளைய ரூம்ல போட்டுப் பூட்டிட்டு வெளிய வந்து குந்திக்கினேன், அது கத்திக் கத்தி ஓயுற வரைக்கும். வூட்டுக்காரர் ஒரு பக்கம் இருமுறாரு, இது ஒரு பக்கம் தூங்காம கத்துது. நாள் பூரா, ராத்திரி பூரா. எதுக்குக் கத்துதுன்னு எனக்குத் தெரியல."

"ஆக, ஒப்புக்கொள்கிறீர்கள்."

"ஒத்துக்கினேன். எழுதிக்கங்க. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். சிவப்பு எந்த நாள் ஆரம்பிக்குதுன்னு அந்தத் தெரையில பாருங்க. நீலத்துக்கு ஒம்போது நாள் கழிச்சு. இது ஒண்ணுல மட்டும் இல்லம்மா. அம்பத்திரண்டுல நாப்பத்தாறுல நீலம் முன்னாடி, சிவப்பு பின்னாடி."

தலைவர் முன்னால் சாய்ந்தார். "அதற்கு என்ன அர்த்தம்? விளக்கிச் சொல்லுங்கள்."

"காரீயம் ஏறுன கொழந்தை தூங்காதும்மா. காரணமே இல்லாம அழும். பால் குடிக்காது, தூக்குனா வெறைக்கும். தாய்க்காரிக்கு அது தெரியாது. புள்ளைக்கு அடம்னு நெனைப்பா, பேய் புடிச்சிருச்சுன்னு நெனைப்பா, அடிப்பா. பொகை உள்ள போச்சு, அப்புறம் எங்க கை மேல போச்சு. ரெண்டும் சேந்துதான் எங்க புள்ளைங்க இப்பிடி நிக்குதுங்க."

"அப்படியானால் உங்கள்மேல் தப்பில்லை என்கிறீர்கள்?" என்றார் பத்ரிநாத்.

"யாரு சார் சொன்னது? எந்தப் பொகையும் என் கையப் புடிச்சித் தூக்கல. சிவப்புக் கோடு நான் போட்டது. எத்தினி ஜென்மம் எடுத்தாலும் அது என்னுதுதான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். நான் எந்திரிச்சு நின்னுட்டேன் இல்ல? நீலக் கோடு போட்டவரு யாரு? அவரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க."

பத்ரிநாத் உட்கார்ந்தபடி தாள்களைப் புரட்டினார். அவருக்குப் பின்னால் இருந்த கம்பெனி அதிகாரிகள் மூன்று பேரும் தங்கள் கைப்பேசிகளைப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை.

நான் மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது மூன்றாவது வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். தண்ணீர் லாரி ஓட்டும் ஃபாரிதா.

"பதினாலாம் நம்பரு என் பையனோடது" என்றாள். "அந்தச் சிவப்பு என் புருஷன் போட்டது. அவன் இங்கதான் குந்திக்கினு கீறான். எழுதிக்கங்க."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். ஃபாரிதா சிரிக்கவில்லை. அவளுக்குப் பிறகு கடைசி வரிசைக் கஜலட்சுமி எழுந்தாள், "நாங்க ரெண்டு பேருமே அடிச்சோம்மா" என்று அழுதுகொண்டே வந்து கையெழுத்துப் போட்டாள். பிறகு வரிசை கட்டி நின்றார்கள். அவரவர் பல், அவரவர் கோடு. சாயங்காலத்துக்குள் பல்லுக்கு ஒன்றாக ஐம்பத்தொரு கையெழுத்து.

ஏழு பேர் எழவில்லை. ஜெபிஷா அவர்களில் ஒருத்தி.

ஜூலை இரண்டு கசிவு நடந்தது என்று தலைவர் அன்றைக்கே பதிவு செய்தார். உலையை நிறுத்த உத்தரவு. பல் கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற பேதம் இல்லாமல் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் கம்பெனி செலவில் மருந்து. அதே தாளின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: விதிப்படி, முப்பது நாளைத் தாண்டிய வீடுகளுக்கு நலத்துறை ஆள் வருவார். என் வீடு முதலில், திங்கட்கிழமை. விடுமுறையில் இயந்திரத்தைத் தொட்டதற்காக வேலையிலிருந்து இடைநீக்கம் என்று கைப்பேசியில் தனியாக ஒரு தகவல் வந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

வடித்து முடிப்பதற்குள் ஜெபிஷா வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அது பெனிட்டாவோட பல்லு" என்றாள்.

"தெரியும்."

"எப்டித் தெரியும்? ரெண்டு பேரும் ஒரே நாளு. மெஷினுக்கே தெரியாதே."

"ஆழினி, இங்க வா. வாயத் தொற."

ஆழினி சோற்றுக் கையோடு வந்து வாயைத் திறந்தாள். மேல் வரிசை, கீழ் வரிசை, இருபதும் அப்படியே இருந்தன. அவளுக்குத்தான் எல்லாமே தாமதமாயிற்றே, பல் விழுவது மட்டும் சீக்கிரமாகவா நடக்கும்? கீழே முன்பல் ஒன்று மட்டும் நாக்குப் பட்டால் லேசாக ஆடியது.

ஜெபிஷா அந்த வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப அந்தக் குவியல்ல உன்னுது ஒண்ணுகூட இல்லியா?"

"இல்ல. எனக்குன்னு ஒரு பல்லு இல்லாம, உங்களயெல்லாம் எந்திரி எந்திரின்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"வக்கீலுகூட சந்தேகப்படலியே."

"எப்டிப்படுவான்? பெத்த புள்ளைய அடிச்சேன்னு எவ பொய் சொல்லுவா?"

"நீ சொன்னியே. என் கோட்டை உன் கோடுன்னு."

"பல்லுதான் உன்னுது. அங்க நின்னு சொன்னது பூரா என் கதை. ரூம்ல போட்டுப் பூட்டுனது, கைல கெடைச்சத எடுத்து அடிச்சது எல்லாம். அந்தக் கோடு இந்த வாய்க்குள்ளயும் கீது ஜெபி. இன்னும் விழல, அவ்ளோதான்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். சின்னது எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் அழ ஆரம்பித்தது. ஜெபிஷா அதைத் தோளில் போட்டு, தட்டாமல், முதுகை மட்டும் தடவிக்கொண்டே இருந்தாள். அது ஓயும்வரை தடவினாள்.

"திங்கக்கெழம வர்ற ஆளு புள்ளையோட பல்லை எண்ணுனா மாட்டிக்குவியே" என்றாள்.

"எண்ணட்டும்."

"நானும் வந்து ஒன் பக்கத்துல நிக்குறேன். முப்பத்தேழு என்னுதுன்னு நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, முதல் முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

ஆழினி ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ம்மா, இது வுழுந்தா, மண்ணுல உருட்டி மேல போடணுமா?"

"போடாதே" என்றேன். "கையிலயே வெச்சிக்க. கொண்டு போயி அந்த வக்கீல் மேசை மேல வெப்போம். நீயே வெய்."